அப்பா மூக்கில் வளர்ந்த சதை

போடி

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் ஊரில் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பா மூக்கைத் தவிர.

போன தடவை அனுப்பிய ஏலக்காயில் புகை வாடை அடிக்கிறது என்று நீ சொன்னதற்கு, உன்னோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு இருந்தாரே, நீ சொன்னதுதான் சரி ஆத்தா. குரங்கணியில் நம் தோட்டத்து ஸ்டோரில், காய் உலர்த்தும் அறையில் புகைக்குழாய் ஓட்டையாகி, காயில் புகை ஏறியிருக்கிறது. அங்கேயே நின்றவருக்கு அது தெரியவில்லை. ஏலத்தில் வியாபாரிகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார்கள். இவரோ தோட்டம் பார்க்கிற சோலைமலையிடம், இந்த வருடம் காய்க்கே மணமில்லை, நீ அடித்த மருந்துதான் காரணம் என்று சண்டைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் ஏலக்காய் தட்டிப்போட்டு டீ கொடுத்தேன், ஏன் ஏலக்காய் போடவில்லை என்று என்னைக் கேட்டார். அன்றைக்கே தேனிக்குக் கூட்டிப் போய்விட்டேன்.

டாக்டர் மூக்குக்குள் குழாய் விட்டுத் திரையில் காட்டினார். உரித்த திராட்சை மாதிரி இரண்டு பக்கமும் சதை தொங்குகிறது. ஒவ்வாமையில் உள்தோல் வருடக்கணக்காக வீங்கி, நீர் கோத்து இப்படித் தொங்கிவிடுமாம். இது புற்று இல்லை, வலிக்காது என்கிறார். வளர்கிறது, ஆனால் வலிக்காது என்றால் எனக்கு எப்படிப் புரியும்? சீழ் வடிகிற என் காதையும் காட்டினேன். காதிலும் சதை வளருமாம், அது ஆறாத சீழால் வருவதாம், எனக்கு இன்னும் வரவில்லை, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பஸ் ஏறுவதற்குள் மூக்குக்குச் சொன்னது எது, காதுக்குச் சொன்னது எது என்று குழம்பிவிட்டது. முதலில் மூக்கில் மருந்து பீச்ச வேண்டும், சுருங்காவிட்டால் எடுக்க வேண்டும், எடுத்தாலும் திரும்ப வளரலாமாம். திரும்ப வளர்வதை எதற்கு எடுப்பது? பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் பூண்டு எண்ணெய் விடச் சொல்கிறாள், நான் விடவில்லை. நீயாவது விசாரித்துப் புரிகிற மாதிரி சொல்.

மருந்து பீச்சியதில் லேசாக மணம் தெரிகிறது என்கிறார், கொஞ்ச நேரத்தில், நினைப்பாக இருக்குமோ என்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது. குழாயை மாற்றி உலர்த்திய புதுக் காய் இத்துடன் வருகிறது. அவரே பொறுக்கினார். பழக்கத்தில் ஒவ்வொரு பிடியையும் மூக்குக்குக் கொண்டுபோனார், பிறகு பையில் போட்டார். நல்லா மணக்கிறது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. "ரஞ்சனிட்ட கேளு, அவதேன் உள்ளதச் சொல்லுவா" என்றார்.

நூறு வருஷம் நல்லா இரு, காதை மூடாமல் வெளியே போகாதே. பையைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, எனக்குப் போட வேண்டாம், அப்பாவுக்கே போன் போடு. அவர் மனசுக்காக ஒன்றும் கூட்டிச் சொல்லிவிடாதே.

உன் அம்மா
அன்னக்கொடி