இடப்பக்க நாற்காலி

அடியே,

தலைமைச் செய்தி வாசிப்பாளர் ஆகிவிட்டாயாமே, மகராசியாக இரு.

"இனி ஒரு பொய்ச் செய்தி வாசிக்கச் சொன்னாலும் ரெண்டு பேரும் சேர்ந்தே வேலையை விட்டுருவோம்டி" என்றவள் நீ. நான் விட்டேன். உனக்கு அன்று பார்த்துக் காய்ச்சல் வந்துவிட்டது.

எனக்கொன்றும் குறையில்லை. மாமியாரின் மருந்துச் சீட்டை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுகிறேன். "தலைப்புச் செய்தி முடிஞ்சுதாம்மா?" என்று கேட்கிறார். திரையில் நீ வந்தால் என் வீட்டுக்காரர் அவசரமாகச் சேனலை மாற்றப் போவார். "இருக்கட்டும், பாக்கலாம்" என்பேன்.

ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். செய்தி முடிந்ததும், பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பிச் சிரிக்கிறாய். அந்த நாற்காலியைத்தான் எடுத்துவிட்டார்களே. ஊரே பார்க்கிறது, வெறுஞ்சுவரைப் பார்த்துச் சிரிக்காதே.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்