திருப்பிப் போட்ட அட்டை

ஓசூர்,
பிப்ரவரி 11

அன்பு மகன் பென்சனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் மனைவி ஃபெபாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் ஒன்பது நாளாக உன் குரலைக் கேட்காமல் அதை எப்படி எழுதுவது. ஃபெபா மும்பையில் உள்ள உங்கள் கப்பல் கம்பெனியோடு போனில் இரண்டு முறை பேசினாள். கப்பல் நல்லபடி போய்க்கொண்டிருக்கிறது, இன்டர்நெட்தான் பழுது என்றார்களாம். சரி என்று போனை வைத்துவிட்டாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு இன்டர்நெட்டைச் சரிசெய்யத் தெரியாதவர்கள் கப்பலை எப்படி ஓட்டுவார்கள்?

இங்கே பனி இன்னும் விடவில்லை. ஃபெபா சூளகிரி போகும் தன் கம்பெனி பஸ்ஸுக்குக் காலை ஆறு மணிக்கே ஸ்வெட்டர் இல்லாமல் ஓடுகிறாள், சொன்னால் சிரிக்கிறாள். நம் நாகரசம்பட்டித் தோப்பில் மாம்பூ பாதி உதிர்ந்துவிட்டது என்று அதைப் பார்த்துக்கொள்ளும் சென்னப்பன் போனில் புலம்பினார். நீ பிரஷர் மாத்திரையை விடாதே. இன்ஜின் ரூம் சூட்டிலிருந்து வந்ததும் ஐஸ் தண்ணீர் குடிக்காதே.

இதையெல்லாம் எழுதி, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன். புத்தாண்டுக் காலை ஆராதனையில், வருடத்துக்கான வசனத்தை ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வந்தபோது வழக்கம்போல் உனக்காக நான்தான் எடுத்தேன். வந்தது ஏசாயா நாற்பத்து மூன்றாம் அதிகாரம், தண்ணீரைக் கடக்கிறவனோடு தேவன் கூடவே இருப்பார் என்ற வசனம். வேறு யாருக்கு வந்தாலும் அது ஆறுதல். மகனைக் கடலுக்கு அனுப்பியவளுக்குத் தண்ணீர் என்ற சொல்லே போதும். ஒருவரும் பார்க்கவில்லை என்று அதைத் தட்டில் திருப்பிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். அதுதான் உனக்கு அனுப்பிய புல்வெளி அட்டை, கர்த்தர் மேய்ப்பராகப் புல்லுள்ள இடங்களில் மேய்க்கிறார் என்ற இருபத்து மூன்றாம் சங்கீதம். கப்பல்ல ஏது அத்தை புல்லு, உங்க பையன் மேயறதுக்கா போயிருக்காரு என்று ஃபெபா கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அடுத்து எடுத்த அவளுக்கு, நான் போட்ட அதே அட்டை வந்திருந்தது. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள், பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

நான் படித்த கான்வென்டில் வாய்மொழித் தேர்வுக்குக் கேள்விச் சீட்டு எடுப்போம், எடுத்ததைத் திருப்பிப் போட்டால் சிஸ்டர் பூஜ்யம் போடுவார். முப்பது வருடம் ஞாயிறு பள்ளியில் ஆபிரகாம் இருபத்தைந்து வருடம் காத்திருந்து ஈசாக்கைப் பெற்றதையும், நானூறு வருடம் கழித்து இஸ்ரவேலருக்கு விடுதலை வந்ததையும் சொல்லி, தேவன் சொன்ன சொல் மாறாதவர் என்று கற்பித்தவள் நான். ஒன்பது நாள் பொறுக்க முடியவில்லை. உனக்கு வந்த வாக்கை நானே தட்டிவிட்டேனோ என்று சாப்பாடு இறங்கவில்லை. ஆறுதலுக்கு வேதத்தில் பவுல் அப்போஸ்தலரின் கடற்பயணத்தை எடுத்தேன், கப்பல் உடையும் இடம் வந்ததும் வேதத்தை மூடிவிட்டேன்.

நேற்று ஃபெபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்க அட்டைய மாத்துனா ஆண்டவரு ஆள மாத்திடுவாரா அத்தை என்று சிரித்தவள், அப்படியே அழுதுவிட்டாள். நீங்க பயந்துக்குவீங்கன்னுதான் சிரிச்சிட்டே திரியறேன், எனக்கு மட்டும் பயமில்லையா என்றாள். ஒரே வீட்டிலிருந்தும் எனக்கு அது தெரியவில்லை பார். பிறகு நான் மூடிய இடத்திலிருந்து அவளே வாசித்தாள். கப்பல் உடைந்ததுதான், ஆனால் இருநூற்று எழுபத்தாறு பேரும், பலகையைப் பிடித்தவர்கள்கூட, கரை சேர்ந்தார்கள். நோவாவும் தண்ணீரின் மேல்தான் மிதந்தார், இஸ்ரவேலரும் கடல் நடுவேதான் நடந்தார்கள். தண்ணீரே வராது என்று தேவன் யாருக்கும் சொல்லவில்லை. பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன், ஆனால் நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

அந்த அட்டையைக் கேட்டேன், இது எனக்கு வந்தது, தரமாட்டேன் என்றுவிட்டாள். ஆகையால் வசனத்தை என் கையால் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பக் கம்பெனியில் ஏற்பாடு செய்வார்களாம். புல்வெளி அட்டையைத் தூக்கிப் போடாதே, அதுவும் தேவன் சொன்னதுதான், கள்ளம் என்னுடையது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கரை தெரிந்து போன் வேலை செய்ததும் முதலில் அம்மாவைத்தான் கூப்பிட வேண்டும் என்று உனக்கு நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. அதை மாற்றுகிறேன். முதலில் ஃபெபாவைக் கூப்பிடு. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் அம்மா,
பவுலினா