விமானம் விழுந்தால்

என்னங்க,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சக்கர நாற்காலியில் இருந்தே எட்டும்படி சாப்பாட்டை மேசை ஓரத்தில் வைத்திருக்கிறேன். ஆறவிடாதீர்கள்.

நேற்று பொம்மைக் கடைக்காரர், "புதுசா கத்துக்கறவங்க ரிமோட் கார்ல ஆரம்பிங்க, விமானம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றதும் தலையாட்டி, காரையே வாங்கிவிட்டீர்கள். கண் மட்டும் மேலே தொங்கிய விமானத்தை விட்டு இறங்கவே இல்லை. வாசலுக்கு வந்ததும், "கார்னா திருப்பி ஓட்டிட்டு வந்துடலாம். விமானம் விழுந்தா நான் எங்க ஓடி எடுக்கறது?" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் பேசாமல் வந்தது அதனால்தான். உங்கள் மேல் கோபமில்லை.

காரைத் தேடாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் வாங்கி வருகிறேன்.

மாத்திரை தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில்.

இன்னொன்று: விழட்டும், நான் ஓடி எடுக்கிறேன். அந்த விபத்துக்குப் பிறகு நானும் ஓடவே இல்லை. இந்த வீட்டில் ஒருத்தராவது ஓட வேண்டாமா?