முகத்தில் காட்டக் கூடாது

உப்பளம், புதுச்சேரி
18 ஜூன் 2024

மதிப்புள்ள சுடர்விழி அவர்களுக்கு,

உப்பளத்திலிருந்து பாக்யலட்சுமி எழுதுவது. எத்தனையோ வீடு ஏறி இறங்குகிற உங்களுக்கு என்னை நினைவிருக்குமோ என்னவோ. போன வாரம் மக்கள் கருத்துக் கணக்கெடுப்பு என்று எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கதவைத் திறந்தது நான். வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர் என்றீர்கள். நானும் என் வீட்டுக்காரரும்தான் என்றேன். உங்கள் கையில் இருந்த டேப்லெட் அவரைத் தேர்ந்தெடுத்தது.

"ஏம்மா, அவரு பேசமாட்டாரும்மா. என்னையே கேட்டுக்கயேன்" என்றேன்.

"மிஷின் யாரைக் காட்டுதோ அவங்களைத்தான் கேக்கணும்மா. மாத்த முடியாது" என்று சிரித்தீர்கள்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித் திரை மட்டும்தான் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

அவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு இருந்தார். அந்த மிஷினையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து வீட்டில்தான். என்னிடம் பேசுவது என்றால் "தண்ணி வந்துடுச்சா", "சோறு போடு", அவ்வளவு. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பிள்ளைகளும் இல்லை. அந்த மனிதர் உங்களிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். போலீஸ் மேல் நம்பிக்கை உண்டா, கோர்ட் மேல் உண்டா, பேப்பரில் வருவதை நம்புகிறீர்களா என்று நீங்கள் கேட்கக் கேட்க, மில்லில் சங்கம் இருந்த நாளில் பேசிய அதே குரலில் பேசினார். நான் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றேன்.

அப்புறம்தான், மனதில் உள்ளதைப் பேச உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டீர்கள்.  "யாரும் இல்லம்மா" என்றார்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சொன்னதை மாற்றி எழுதச் சொல்லியும் கேட்கவில்லை. அவரை எப்படிப் பேசவைத்தீர்கள்? எனக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள், போதும்.

நீங்கள் தந்த சீட்டில் ஆபீஸ் விலாசம் மட்டும் இருந்தது, அதனால்தான் கடிதம். பதில் எழுதினால் வீட்டுக்கு வேண்டாம். நான் மதியச் சாப்பாடு பரிமாறும் பள்ளிக்கூடத்தின் விலாசத்தைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சு. பாக்யலட்சுமி


சென்னை
1 ஜூலை 2024

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை என் மேசையில் வைத்திருந்தார்கள். இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கென்று வந்த முதல் கடிதம் இதுதான்.

நான் பதில் எழுதக் கூடாது. அடுத்த வருடமும் உங்கள் வீட்டுக்கு வந்து இதே கேள்விகளைக் கேட்பார்கள். மனிதர்களின் எண்ணம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. நடுவில் நாங்கள் பழகிவிட்டால் பதில்களும் மாறிவிடும் என்பார்கள். ஆனால் அந்தக் கேள்வியைத் திரைக்குப் பின்னால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை அம்மா. கேள்வியை நிதானமாக ஒரு முறை கேட்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதில் வரத் தாமதமானால் நாமே எடுத்துக்கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அவர்கள் என்ன சொன்னாலும் நம் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. முகம் கொஞ்சம் சுருங்கினாலும் போதும், அதற்குப் பிறகு நமக்குப் பிடித்ததை மட்டும்தான் சொல்வார்கள். சொல்லி முடித்ததும், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் அங்கேதான் உண்மை வரும்.

நான் மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு ஊரில் லாட்ஜில் இருப்பேன். பகலெல்லாம் பேச்சைக் கேட்டுவிட்டு அறைக்கு வந்ததும் டிவியைப் போட்டுவிடுவேன். பார்ப்பதில்லை, சத்தத்துக்காக. உங்கள் கடிதத்தை அங்கே எடுத்துப்போய்ப் படித்தேன்.

அன்புடன்,
சுடர்விழி


உப்பளம்
22 ஜூலை 2024

அன்புள்ள சுடர்விழிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ என்று எழுதலாமா? என்னைவிட வயதில் மிகவும் சின்னவள்.

முதல் தடவை சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "இன்னா, நீயும் சர்வே எடுக்கறியா?" என்று கை கழுவப் போய்விட்டார்.

போன வியாழக்கிழமை கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போனோம். பெரிய வரிசை. பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "உங்களுக்கு இப்ப இன்னா பண்ணணும்போல இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நீ சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டேன். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார்கள். அவர் வாயே திறக்கவில்லை. நானும் பொறுத்தேன்.

அப்புறம் சொன்னார்: "நம்ம மில்லு இராமதாஸ் திருப்பூர்ல இருக்கான் இல்ல, ஸ்பின்னிங் மில்லு கேட்டுல செக்யூரிட்டி. நம்ம ஆளுங்க இன்னும் ரெண்டு பேரு அங்கதான் இருக்காங்க. ரூமு குடுத்துடறாங்க. வாடா வாடான்னு கூப்புட்டுக்கினே இருக்கான். எனக்குப் போலாம்னு இருக்கு."

போகாதீர்கள் என்று வாய்வரை வந்தது. முகத்தில் காட்டவில்லை. "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றேன்.

"வீட்டுல சும்மா ஒக்காந்து ஒக்காந்து, நா இருக்கறனா இல்லியான்னே தெரியல பாக்யம்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் அசையவில்லை. "சரி" என்று எழுந்து மாத்திரை வாங்கப் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வழியெல்லாம் இராமதாஸ் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் என்னோடு பேசுகிறாரே என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும்தான் அவர் என்ன சொன்னார் என்று எனக்குள் இறங்கியது. நான் செய்தது சரிதானே சுடர்விழி?

அன்புடன்,
பாக்யலட்சுமி


சென்னை
17 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மா,

கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வேலை முடிந்து நேற்று மாலைதான் வந்தேன். உங்கள் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன்.

அந்த விதி எங்களுக்கானது அம்மா. நாங்கள் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறவர்கள். ஒருவர் ஊரில் இருந்தால் என்ன, போனால் என்ன, எங்களுக்கு எதுவும் ஆகப்போவதில்லை. அதனால்தான் முகத்தை வைத்துக்கொள்ள முடிகிறது. இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அவர் உங்கள் முகத்தைப் பார்த்தது, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். இதைப் படித்த உடனே சொல்லுங்கள்.

சுடர்விழி


உப்பளம்
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சுடர்விழிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் அவர் போய்விட்டார். பதினாறாம் தேதி, பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்த நாள் என்று இங்கே மட்டும் லீவு இல்லையா, பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். நான்தான் பையைப் பிடித்துக்கொண்டு போய் சீட் பிடித்துக் கொடுத்தேன்.

இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு ஆசையை வாய் விட்டுச் சொன்னார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அதனால் அவர் துணி எடுத்துவைத்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. மடித்துக் கொடுத்தேன்.

பஸ் கிளம்பும் முன்னால் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒம் மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. சரி, நா இல்லன்னாலும் இவ இருந்துக்குவான்னு அப்பதான் முடிவு பண்ணேன்." கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்துவிட்ட மாதிரிதான் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

இன்று காலை குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. படுத்தே இருந்தேன். அவர்தான் எழுந்து பிடிப்பார். தண்ணீர் நின்ற பிறகுதான் நினைவு வந்தது.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டது நான்தானே.

பாக்யலட்சுமி


சென்னை
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மா,

நம் கடிதங்களைப் பற்றி எங்கள் மேலாளர் சந்திரமோகன் சாரிடம் சொல்லிவிட்டேன். என்னால் ஒரு வீட்டில் இருந்தவர் ஊரைவிட்டே போயிருக்கிறார், அதை மறைத்துவைத்துக்கொண்டு அடுத்த வருடம் யாரோ ஒருவர் உங்கள் கதவைத் தட்டுவது சரியில்லை. சார் திட்டவில்லை. உங்கள் வீட்டை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். ஐயா சொன்ன பதில்கள் எதுவும் இனி கணக்கில் சேராது. யாரும் வரமாட்டார்கள். ஆய்வில் இருக்கும் வீடுகளோடு இனித் தொடர்பு வைக்கமாட்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். உங்களுக்குத் தகவல் சொல்ல இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அனுமதி கேட்டேன்.

உங்கள் கடிதங்களையும் கொடுத்துவிடச் சொன்னார். தொலைந்துவிட்டன என்றேன். அவை என் பெட்டியில் இருக்கின்றன.

திருப்பூருக்குப் போங்கள் அம்மா. போனில் சொல்லாதீர்கள். நேரில் போய் நில்லுங்கள்.

உங்கள்,
சுடர்விழி


உப்பளம்
20 அக்டோபர் 2024

அன்பு மகள் சுடர்விழிக்கு,

இதற்குப் பதில் வராது என்று தெரியும். உறை மேல் என் பெயரை எழுதவில்லை. ஆனாலும் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆயுத பூஜை லீவில் திருப்பூருக்குப் போனேன். விசாரித்து விசாரித்து மில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே நாலைந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அவர். காக்கிச் சட்டை, நெற்றியில் சந்தனம். ஏதோ சொல்லிவிட்டு, சொன்னவரே தாங்க முடியாமல் தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து எவ்வளவோ காலம் ஆகிறது. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். இப்படியே பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இராமதாஸ் பார்த்துவிட்டார். "தங்கச்சி, வாம்மா!" என்று ஓடிவந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் அழுதுவிட்டேன்.

"எனக்குப் புடிக்கலங்க. நீங்க வந்தது எனக்குப் புடிக்கவே இல்ல. அன்னைக்கு மூஞ்சிய வேணும்னேதான் அப்படி வெச்சிக்கினு இருந்தேன். உள்ள கலங்கிப் போச்சு" என்றேன்.

அவர் கையில் பொரியோடு அப்படியே நின்றார். "இத அங்கியே சொல்லியிருந்தா நா பஸ்ஸே ஏறியிருக்கமாட்டனே" என்றார். மற்றவர்கள் நகர்ந்து போய்விட்டார்கள்.

மத்தியானம் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். வழியில், "வேலய வுட்டுட்டு வந்துடட்டா?" என்று கேட்டார்.

அதைக் கேட்பதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனேன். வாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தது கண்ணில் வந்து நின்றது. "அங்க வந்தா இப்படிச் சிரிப்பீங்களா?" என்றேன்.

 "தெரியல பாக்யம்" என்றார். பொய் சொல்லவில்லை.

"அப்ப பொங்கலுக்கு வாங்க. அதுவரைக்கும் இருங்க" என்றேன். இந்தத் தடவை நான் அழுதுகொண்டேதான் சொன்னேன். அவரும் பார்த்தார்.

இப்போது தினமும் சாயங்காலம் டியூட்டிக்கு முன்னால் போன் செய்கிறார். மில்லில் நூல் அறுந்த கதை, புதிதாக வந்த மேஸ்திரி கதை, எல்லாம் சொல்கிறார். ஒரே கூரைக்குக் கீழே இருந்தபோது பேசாததெல்லாம் இப்போது பேசுகிறோம். போனை வைத்ததும் வீடு 'கம்'மென்று ஆகிவிடுகிறது. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. நீ சொன்ன மாதிரி டிவியைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அது ஒத்துவரவில்லை, அணைத்துவிட்டேன்.

ஒன்று தோன்றியது சுடர்விழி. எங்கள் வீட்டைத்தான் உங்கள் ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்களே. இனி இது சாதாரண வீடு. இங்கே வந்து போக உனக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்காதே? பாண்டிப் பக்கம் வேலை வந்தால் லாட்ஜ் போடாதே, இங்கே வந்து தங்கு. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் மீன் நன்றாகக் கிடைக்கும், வாங்கிவைக்கிறேன்.

நீ மீன் சாப்பிடுவாயா? அதைக்கூட நான் கேட்கவில்லை பார்.

அன்புடன்,
பாக்யம்