ஆற்றில் குஞ்சுகள் குறைவு

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்லாமல் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் எனக்குப் பேச்சு வருவதில்லை. உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? அம்மா கோலாருக்குப் போய்க் கண்ணைக் காட்டினார்களா?

நான் நன்றாக இருக்கிறேன். செவ்வாயன்று இந்த மலை ஆற்றில் வழுக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அடி எதுவும் இல்லை. பனி உருகி வரும் தண்ணீர், ஆனால் அடுப்பருகில் உட்கார்ந்ததும் குளிர் விட்டுவிட்டது.

"இன்னாம்மா, மீன எண்றதுக்கா டிகிரி படிச்ச?" என்று சிரித்தீர்களே, அந்த வேலை முடிந்தது. டிரவுட் மீனை வலையில் பிடித்து, அளந்து, திரும்ப விடுவோம். பெரிய மீன்கள் இருக்கின்றன. இந்த வருடக் குஞ்சுகள் பதினொன்றுதான். போன வருடம் இருநூறுக்கு மேல். மூன்று வருடத்துக்கு யாரும் தூண்டில் போடக்கூடாது என்று மீன்வளத் துறைக்கு நான்தான் அறிக்கை எழுத வேண்டும்.

நான் தங்கியிருக்கும் வீட்டு மமதா அக்கா, தூண்டில் போட வருபவர்களுக்கு அறை விட்டுப் பிழைக்கிறார். நேற்று ரொட்டி சுட்டுக்கொண்டே, "நீ எழுதிட்டா நாங்க எங்கம்மா போறது?" என்று இந்தியில் கேட்டார். சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தேன்.

ராபர்ட்சன்பேட்டையில் பருப்புப் பொடி வாங்கி அனுப்புங்கள். கம்பளிக் காலுறையும் இரண்டு ஜோடி.

தபால் வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் பதினைந்து வருடம் இறங்கிய தங்கச் சுரங்கம் இனிக் கட்டுப்படியாகாது என்று எழுதிக் கொடுத்து மூட வைத்தவரை இன்றும் திட்டுகிறீர்கள். அவர் எழுதியது பொய்யா அப்பா? மாதக் கடைசியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் சொல்லுங்கள்.

ஹேமாவதி