நாற்பது வீட்டுப் பிடியரிசி

டீச்சரம்மாவுக்கு,

நேற்று கஞ்சிக் கொட்டகையில் கூட்டம் நடந்தது. வந்தவர்கள்: நான், கஞ்சி காய்ச்சுகிற கன்னியம்மா, ஏரிக்கரை வீட்டு மருமகள், தபால்காரர், உத்திரமேரூர் அரிசி மில் முதலாளி அனுப்பிய கணக்குப்பிள்ளை. மொத்தம் ஐந்து பேர். மாசியில் உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு வந்த பிறகு நடந்த முதல் கூட்டம் இதுதான்.

பேச்சு நீண்டுவிட்டது. கன்னியம்மா அடுப்பை மறந்துவிட்டாள். கஞ்சி அடிப்பிடித்தது. பச்சரிசி, புழுங்கல், பழையது, புதியது எல்லாவற்றையும் ஒன்றாக இடித்து நொய்யாக்கிக் காய்ச்சுகிற கஞ்சி அது. தீயும்போது அதற்கென்று ஒரு வாசனை உண்டு. மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணக்குப்பிள்ளை, புகை என்று நினைத்து விசிறியை நீட்டினார். வாங்கி விசிறிக்கொண்டேன்.

நீங்கள் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். காலனிப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று மட்டும்தான் தெரியும். வாசலுக்கு வெளியே நின்றீர்கள். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. நடவுக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை வரப்பில் விட்டுவிட்டுப் போகிறார்கள், வெயிலில் கிடக்கிற அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையும் ஒரு வேளைக் கஞ்சியும் வேண்டும், உலை வைக்கும்போது தினம் ஒரு பிடி அரிசியை இந்தப் பானையில் போட்டு வையுங்கள், முதல் பிடியை இப்போதே போடுங்கள் என்று ஒரு சின்ன மண்பானையை நீட்டினீர்கள். உள்ளேயிருந்து என் மாமியார்தான் குரல் கொடுத்தார்: "வெள்ளிக்கெயமயும் அதுவுமா, வெளக்கு வெச்சப்புறம் அரிசி கேக்கறாங்களே, இன்னா டீச்சரோ இவங்க!"

எங்கள் தெருவில் அன்று ஒரு வீட்டிலும் நீங்கள் ஒரு மணி அரிசிகூட வாங்க முடியவில்லை. அடுத்த வெள்ளியும் வந்தீர்கள், அப்போதும் வெறும் பானைதான். பள்ளிக்கூட வேலை முடிந்து, எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து நீங்கள் கணக்குப் போட்டு வந்த நேரம் அது. எங்கள் வீடுகளில் அந்த நாளில் அந்த நேரத்தில் லட்சுமியை வாசல் தாண்ட விடமாட்டோம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு இரவெல்லாம் பூஜை மாடத்துப் பெருமாளின் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை காலையில் ஒரு படி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு காலனிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் பாடத்தை நிறுத்திவிட்டார்கள்.

"அட, இதுதானா! நான் எம் மூஞ்சிதான் புடிக்கலையோன்னு நெனச்சிக்கினு கீறேன். சரிக்கா, எந்தக் கெயமயில வரணும், நீங்களே சொல்லுங்க."

வியாழக்கிழமை காலை என்று சொன்னேன். அந்த வாரமே பதினோரு பானைகள் நிறைந்தன. ஐப்பசிக்குள் நாற்பது ஆயிற்று.

பானையை நீங்கள் ஒருநாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. கொட்டகை ஓரத்து முருங்கையிலிருந்து ஒரு கை கீரை, இரண்டு எலுமிச்சை, ஒன்றுமில்லாத நாளில் ஒரு சேதி. "உங்க பானை அரிசி சாப்ட்ட அந்த மொட்டத்தலப் பையன் நேத்து நாலு அடி வெச்சான்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவீர்கள். என் மாமியார் அதைக் கேட்பதற்காகவே வியாழக்கிழமை குளித்துவிட்டு முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தார். உங்களை வீட்டுக்குள் கூப்பிட எனக்கு மட்டும் மூன்று வருஷம் ஆயிற்று. அதை நீங்கள் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்து எழுதப் படித்தவள் நான். என்னை நம்பி அரிசி நோட்டைக் கொடுத்தீர்கள். வருஷத்துக்கு நான்கு மூட்டை நெல் தருகிற ஏரிக்கரை வீட்டுப் பெரியவர் பெயரை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். நீங்கள் பார்த்துவிட்டு, "தெரு வரிசையில எழுதுங்கக்கா" என்று மட்டும் சொன்னீர்கள். மறுபடியும் எழுதினேன். அவர் பெயர் இருபத்தாறாவதாக வந்தது. எனக்கு அப்போது அது சரியாகப் படவில்லை.

அந்த நடவுக் காலம் நினைவிருக்கிறதா? காலனிப் பெண்கள் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். பெரியவர் நம் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். கூலி கேட்டவர்களின் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றக் கூடாது என்றார்.

"நெல்லு என்னுது. யாருக்கு ஊத்தறதுன்னு நான் சொல்லக் கூடாதா?"

"சொல்லலாங்க அய்யா. ஆனா ரெண்டு வயசுப் புள்ள கூலி கேக்கல. கஞ்சிதான் கேட்டுச்சு."

"வாய் ரொம்ப நீளுது டீச்சர்."

"மீதி மூட்டய இன்னிக்கே வண்டியில ஏத்தி அனுப்பிடறேங்க. போன வாரம் ஊத்தனத மட்டும் திருப்பித் தர முடியாது."

கதவுக்குப் பின்னால் நின்ற அவர் மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி அரிசி போய்விட்டது. கொட்டகையில் பிள்ளைகள் பத்தொன்பது பேர். வரும் வழியில் நோட்டில் அவர் பெயரை அடித்துவிடுவேன் என்று நான் கத்தினேன். நீங்கள் நோட்டை என் கையிலிருந்து வாங்கி உங்கள் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

மறுநாள் நாம் நாற்பது வீடும் ஏறினோம். பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். அரிசி குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னோம். ஒரு பிடி போட்டவர்கள் இரண்டு பிடி போட்டார்கள். கஞ்சி தண்ணீராக இருந்தது; ஆனால் ஒருநாளும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். பொங்கல் கழிந்ததும் ஏரிக்கரை வீட்டுக்குப் போனீர்கள். எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிட்டு, கொட்டகைக் கீரையை வைத்துவிட்டு வந்தீர்கள். அடுத்த வருஷமும் அப்படியே. "அந்தப் படிய எதுக்கு இன்னமும் ஏறறீங்க, டீச்சரம்மா?" என்று கேட்டேன்.

"அவரு வுட்டுட்டாருக்கா. நான் வுடலையே. கேக்கறதுக்கு ஒரு தரம் போனா, கேக்காம ரெண்டு தரம் போவணும்."

மூன்றாம் வருஷம் அறுவடை முடிந்ததும் ஒரு வண்டி கொட்டகை முன்னால் வந்து நின்றது. ஆறு மூட்டை. எந்த நிபந்தனையும் இல்லை. வண்டிக்காரன், "எறக்கிட்டு வந்துடச் சொன்னாரு" என்றான், அவ்வளவுதான். நேற்றுக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அன்று இருமிய அந்த மருமகள்தான்.

இப்போது வந்திருக்கும் சேதியைச் சொல்கிறேன். மில் முதலாளி கொட்டகைக்குத் தகரக் கூரை போட்டுத் தருகிறாராம். வருஷம் முழுக்க அரிசியும் அவரே தருகிறாராம். அவருடைய அப்பா பெயரில் ஒரு பலகை வைக்க வேண்டுமாம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீடு வீடாகப் பானை எடுப்பதை நிறுத்திவிட வேண்டும், தன் பெயர் உள்ள இடத்தில் பிச்சை எடுப்பது போல இருக்கக் கூடாது என்கிறார்.

கன்னியம்மா அப்போதே தலையாட்டினாள். "நாப்பது வாசல் நின்னு நின்னு என் காலு ரெண்டும் ஒலக்கயா வீங்கிக் கீது. குடுக்கறவரு குடுக்கறாரு, வாங்கிக்கினு போலாமே" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. கீற்று மூன்று இடத்தில் ஒழுகுகிறது. மழை நெருங்கிவிட்டது.

ஆனால் அவர் மனம் ஒரு வருஷம் மாறினால்? அதற்குள் நாற்பது வீட்டுக் கையும் அந்த ஒரு பிடியை மறந்திருக்கும். மறந்த கையை மறுபடி பழக்க இப்போது நீங்கள் இல்லை.

இன்று காலை பஸ் ஏறி உத்திரமேரூருக்குப் போய் வந்தேன். முதலாளியைப் பார்க்கவில்லை, அவர் மனைவியைப் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளின் சேதி சொன்னேன். கிளம்பும்போது அந்த அம்மாளே, "எனக்கும் ஒரு பானை குடுங்களேன், நானும் போடறேன்" என்றார். கொண்டு வரவில்லை, அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன்: கூரையும் பலகையும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம், பானை எடுப்பது நிற்காது, நாற்பத்தொன்றாவது பானை உங்கள் வீட்டில் இருக்கப் போகிறது என்று. தெரு வரிசையில் அவர் வீட்டை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறேன்.

கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கோபித்துக்கொண்டு அவர் கூரையை மறுத்துவிட்டால் இந்த மழையில் பிள்ளைகள் நனைவது என்னால்தான். நான் பெருமாளிடம் கேட்டுவிட்டேன். நீங்கள் உங்கள் கர்த்தரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தபால்காரர் நாளை மத்தியானம் வருவார். அதற்கு முன்னால் எனக்குப் பதில் தெரிய வேண்டும், டீச்சரம்மா. சீக்கிரம் சொல்லுங்கள்.