குட்டியைத் தொடாதீர்கள்

ஓக்லஹோமா,
ஜூன் 3, 1987

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமா? அப்பாவுக்கு உடம்பு தேவலை, மறதிதான் முற்றிவிட்டது. நேற்று என்னைப் பார்த்து, "யாரும்மா நீ? என் பொண்ணு வந்ததும் கிளம்பிடு" என்றார். எந்தப் பொண்ணைச் சொல்கிறாரோ!

காலையில் பக்கத்து வீட்டுக்காரி டாட்டி வந்து அப்பாவோடு உட்காரும் ஒரு மணி நேரம்தான் எனக்கு. கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் ஊர் வனவிலங்குச் சரணாலயத்துக்கு ஓடிவிடுவேன். போன வாரம் புல்லுக்குள் ஒரு மான்குட்டி! தாய் விட்டுப்போன இடத்திலிருந்து அசையவே இல்லை. ஈ மொய்த்தாலும் காது மட்டும்தான் துடித்தது. படம் இதோடு வைத்திருக்கிறேன்.

மொன்டானா சரணாலயத்தில் படமெடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் சேர வேண்டும். "ஒரு வருஷம் நீ பாத்துக்கோ, அப்புறம் நான்" என்றாய். நாலு வருஷம் ஆயிற்று. அப்பாவைக் கூட்டிப்போக வருவாயா, அக்கா?

உன் ஜோலீன்

டல்லஸ்,
ஜூன் 20

என் கண்ணு ஜோலீனுக்கு,

படத்தில் அழகு அள்ளிக்கொண்டு போகிறது! ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் உனக்குக் கல் மனசுடி. அந்த அனாதைக் குட்டியை அப்படியே விட்டுவிட்டா வந்தாய்? வீட்டுக்குத் தூக்கி வந்து பால் புகட்டியிருக்கலாமே.

இங்கே புதுத் தரைவிரிப்பு போட்டிருக்கிறோம். அப்பா வந்தால் பாழாகிவிடும் என்கிறார் உன் அத்தான். கிறிஸ்துமஸ் கழியட்டும், பார்ப்போம். உனக்கென்ன, புருஷனா பிள்ளையா, அப்படி என்ன அவசரம்? மான் எங்கே ஓடிப்போகிறது? உன் பொறுமை எனக்கு வராது.

முத்தங்களுடன்,
வெர்னா

டல்லஸ், உன் தெருமுனை,
ஜூலை 31

அக்கா,

நம் ஊரையே மறந்துவிட்டாயா? அந்தக் குட்டி அனாதை இல்லை. தன் வாசனை குட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தாய் தள்ளி நின்று மேய்வாள், பொழுது சாய்ந்தால் வந்துவிடுவாள். அதற்குத்தானே சரணாலய வாசலில், குட்டியைத் தொடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். வருவாள் என்று நம்பித்தான் அது அசையாமல் கிடக்கிறது. நானும் அப்படித்தான் கிடந்தேன். இப்போது மொன்டானாவுக்குக் கிளம்பிவிட்டேன், அக்கா.

இதைத் தபாலில் போடவில்லை. அப்பாவின் சட்டைப்பையில் செருகுகிறேன். அவரை உன் வாசலில் நிறுத்தி, மணியை அடித்துவிட்டு வண்டிக்கு வந்துவிடுவேன். நீ கதவைத் திறந்து அவர் கையைப் பிடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே வரமாட்டேன். வந்தால் நீ அழுவாய், நான் மறுபடியும் மாட்டிக்கொள்வேன்.

மாத்திரைகள் அவருடைய துணிப்பையில் இருக்கின்றன. சோள ரொட்டியை மோரில் ஊறவைத்துக் கொடு. ராத்திரி எழுந்து வெளியே போய்விடுவார், வாசல் கதவைப் பூட்டிவிடு.

"என் பொண்ணு வந்துட்டாளா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வந்துவிட்டேன் என்று நீயே சொல்.

ஜோலீன்